குண்டு சொன்ன இடத்துக்குப் போகவில்லையா? ஏர் ரைஃபிள் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

ராயபுரத்தில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. மாடி வராந்தாவின் ஒரு கோடியில் நின்றால் எதிர்க் கோடியில் இருக்கும் சுவருக்குச் சரியாகப் பதினொன்றரை மீட்டர். நடுவில் ஒரு கதவு உண்டு, சுடும்போது அதற்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். எதிர்ச்சுவரில் இரும்புப் பெட்டி, அதற்குள் களிமண், பின்னால் இரண்டு பிளைவுட் பலகை. ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டைக் கழுவி வைப்பதற்குள் யாராவது ஒருவர் நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்துவிடுவார்கள். பெரம்பூர் லோகோவில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மைக்ரோமீட்டர் பிடித்த கை சும்மா இருக்காது என்று ஏர் ரைஃபிள் கோளாறு பார்க்கும் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இதைவிட ஸ்பீடா போற பெல்லட் எது?" பெல்லட் என்றால் ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு. இந்தக் கேள்வி வெளிநாட்டு வீடியோக்களின் வேலை. அங்கே மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் தோட்டாவுக்குத் தாங்களே மருந்து அளந்து போடுகிறார்கள், எந்த மருந்து எவ்வளவு வேகம் தரும் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். நமக்குக் காற்றுதான் மருந்து. 2016 விதிகளின்படி துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமல் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கிய பில்லை மட்டும் பையிலேயே வைத்திருங்கள். ரோந்து போகும் காவலர் பையைத் திறக்கச் சொன்னால் அது பேசும்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் வருகிறவர்கள் வாயால் சொல்லும் கோளாறுகள். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெல்லட்டையும் மாற்றி, ஸ்க்ரூவையும் முடுக்கி, எண்ணெயும் விட்டுவிட்டு வந்து "இப்ப சரியாயிடுச்சு, எதனால?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

"மீட்டர் கன்னாபின்னான்னு காட்டுது"

மீட்டர் என்று இவர்கள் சொல்வது வேகம் அளக்கும் குரோனோவை. முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். துப்பாக்கியைக் கழற்றுவது அப்புறம். சில குரோனோக்கள் மேலே வரும் வெளிச்சத்தில் பெல்லட்டின் நிழல் விழுவதைப் பார்த்து நேரம் கணக்கிடுகின்றன. சோக் வைத்த பழைய டியூப் லைட் நம் கரண்டில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சுட்டுப் பாருங்கள். குழல் வாயை மீட்டருக்கு ஒட்டி வைத்தால் முன்னால் பாயும் காற்றே சென்சாரைத் தட்டிவிடும். ஓர் அடி தள்ளி வையுங்கள். பேட்டரி தீர்ந்துபோனாலும் இதே கூத்துதான்.

அப்புறம் அடி கணக்கு, மீட்டர் கணக்கு. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு தம்பி "565 காட்டுது, ராக்கெட் மாதிரி போகுது நைனா" என்று குதித்தான். அது நொடிக்கு 565 அடி. 0.3048-ஆல் பெருக்கினால் 172 மீட்டர். போட்டி ரைஃபிள்கள் வழக்கமாகப் போகும் வேகம்.

"மேலும் கீழுமா சிதறுது"

இங்கேதான் எல்லோரும் வேகத்தின் மேல் பழி போடுகிறார்கள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

172 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.058 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பில் அது சுமார் 16.5 மில்லிமீட்டர் கீழே இறங்கும். இந்த இறக்கம் எல்லாக் குண்டுக்கும் ஒன்றாக இருந்தால் குறி பார்க்கும் சைட்டில் சரிக்கட்டிவிடலாம். வேகம் 1 சதவீதம், அதாவது 1.7 மீட்டர் குறைந்தால் இறக்கம் 2 சதவீதம் கூடும். எவ்வளவு? 0.33 மில்லிமீட்டர். பென்சில் முனை அளவுகூட இல்லை.

ஆகவே உங்கள் குண்டுகள் 20 மில்லிமீட்டருக்குச் சிதறுகின்றன, மீட்டரோ நாலைந்து மீட்டர் வித்தியாசம்தான் காட்டுகிறது என்றால் குற்றவாளி வேகம் இல்லை. அந்த நாலைந்து மீட்டரால் ஒரு மில்லிமீட்டர் வரும். மீதி 19 வேறு எங்கிருந்தோ வருகிறது. மூச்சு விடும்போது சுட்டால் மேலும் கீழும் போகும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் உட்காராவிட்டாலும் போகும். நான் கேட்கும் முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்டே?" சிரிக்காதீர்கள். இரண்டு டபரா காபி குடித்துவிட்டு வந்தவனின் குரூப்பை, அதாவது துளைகள் கூட்டமாக விழுந்திருக்கும் விதத்தை, பார்த்தாலே தெரியும்.

ஆளைச் சந்தேகப்படுவதா, துப்பாக்கியைச் சந்தேகப்படுவதா என்று தெரியாவிட்டால் ஒரு தலையணைக்குள் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாத்திப் பத்துக் குண்டு சுடுங்கள். குரூப் சுருங்கினால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் அப்படி இறுக்கமாகச் சாத்தக் கூடாது. அதில் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை நசுக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது ஒரு உதை, காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு உதை. இரண்டும் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடும். உள்ளங்கையில் சும்மா ஏந்தி, அதன் போக்கில் குதிக்க விட வேண்டும்.

"முதல் குண்டு மட்டும் மேலே போகுது"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கண்டுபிடிப்பதற்குள் மாதக்கணக்கில் பிள்ளைகளை அழவைக்கும் கோளாறு இது.

தண்டையார்பேட்டையிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். சிலிண்டர் வைத்த 10 மீட்டர் போட்டி ரைஃபிள், இரண்டாம் கையாக வாங்கியது. "மாமா, ஒவ்வொரு சீரிஸ்லயும் முதல் ஷாட் 10 வர மாட்டேங்குது. கோச் எனக்கு பயம்னு சொல்றாரு." அவளுடைய டார்கெட் தாள்களை அப்பா ஃபைல் போட்டு வைத்திருந்தார். தாளைப் புரட்டினால், ஒவ்வொன்றிலும் ஒரு துளை தனியாக, 12 மணித் திசையில், ஒரே அளவு தள்ளி. பயப்படுகிறவள் குண்டு நாலா பக்கமும் போகும். எப்போதும் மேலேயே போகாது.

மீட்டரில் வைத்துச் சுடச் சொன்னேன். 178, 172, 172, 171, 172, 172, 171. சரி, காபி குடியுங்கள் என்று இருபது நிமிஷம் உட்கார வைத்தேன். மறுபடி சுட்டால் 177, 172, 172. ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டால் 174. ஒரு நிமிஷம் விட்டால் 172. ஓய்வு எவ்வளவு அதிகமோ முதல் குண்டு அவ்வளவு வேகம். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ரெகுலேட்டர் ஒழுகுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அதை அப்படியே வால்வுக்கு விட்டால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அழுத்தம் மாறும். அதனால் ரெகுலேட்டர் நடுவில் நின்று, குறைந்த ஓர் அழுத்தத்துக்குக் காற்றை இறக்கி, சின்ன அறையில் நிரப்பிக் கதவை மூடிக்கொள்ளும். அந்தக் கதவு உட்காரும் இடத்தில் ஒரு தூசி, ஒரு துரு, ஒரு தேய்மானம் இருந்தால் முழுசாக மூடாது. சிலிண்டர் பக்கத்துக் காற்று மெல்ல மெல்ல அறைக்குள் கசிந்து அழுத்தம் ஏறும். வரிசையாகச் சுடும்போது கசிய நேரம் இல்லை. ஓய்வெடுத்துவிட்டு வந்தால் அறை உப்பிப்போய்க் காத்திருக்கும்.

6 மீட்டர் வேகம் கூடினால் எவ்வளவு மேலே போகும்? மூன்றரை சதவீதம், இறக்கத்தில் 7 சதவீதம், சுமார் 1.15 மில்லிமீட்டர். மேலே நான்தான் வேகத்தைத் தள்ளுபடி செய்தேன், இப்போது அதையே பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். 10 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் 10 வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மில்லிமீட்டர். தசமத்தில் எண்ணும்போது 0.1 புள்ளிக்குக் கால் மில்லிமீட்டர். 1.15 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரைப் புள்ளி போச்சு. 10.5 வர வேண்டியது 10.0 ஆகும், கொஞ்சம் கை ஆடியிருந்தால் 9.8. அந்தப் பெண் சுடும் தரத்தில் அது பெரிய இழப்பு. கொல்லைப்புறத்தில் டப்பா சுடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை.

சரிசெய்ய: சிலிண்டரைக் கழற்றுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் காற்று முழுவதும் போகும்வரை பெல்லட் இல்லாமல் விசையை அழுத்துங்கள், அதன் பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள். காற்று நிற்கும் பாகத்தைக் கழற்றி விரலை இழந்தவர் எவரும் "காத்துதானே" என்று நினைத்தே கழற்றியிருப்பார். அந்தக் கதவு உட்காரும் இருக்கையையும், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். பாரிமுனைச் சந்துகளில் அளவு சொன்னால் ஓ-ரிங் கிடைக்கும். நைட்ரைல் ரப்பரில் 90 கடினம் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 70. அது இந்த அழுத்தத்தில் பிதுங்கிவிடும். பூச சிலிக்கான் கிரீஸ் மட்டும். ரெகுலேட்டரைப் பிரிக்கத் தைரியம் இல்லையென்றால் பிரிக்காதீர்கள், சர்வீசுக்கு அனுப்புங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிராக முதல் குண்டு மட்டும் மெதுவாகப் போனால் உள்ளே வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியோ, வால்வோ பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்துவிட்டால் போதும்.

"சுடச் சுடக் கீழே இறங்குது"

ரெகுலேட்டர் இருக்கும் துப்பாக்கியில், சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டரின் அளவுக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். காற்று நிரப்புங்கள். நிரப்பியும் முதல் குண்டிலிருந்தே இறங்கினால் ரெகுலேட்டர் அடைத்திருக்கிறது.

ரெகுலேட்டர் இல்லாத பிசிபி, அதாவது முன்கூட்டியே நிரப்பி வைத்த அழுத்தக் காற்றில் சுடும் துப்பாக்கி, என்றால் வேகம் முதலில் ஏறி, நடுவில் சமமாக ஓடி, கடைசியில் இறங்கும். ரொம்ப நிரப்பினால் அழுத்தம் வால்வை உள்ளிருந்தே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுத்தி அதை முழுசாகத் திறக்க முடியாது. அதனால்தான் "ஃபுல்லா அடிச்சேன், ஆனா ஸ்லோவா போகுது" என்று ஆள் வருகிறது. ஒரு முழு சிலிண்டரையும் மீட்டர் வைத்துச் சுட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த அழுத்தத்திலிருந்து எந்த அழுத்தம்வரை வேகம் சமமாக இருக்கிறதோ அதற்குள் மட்டும் சுடுங்கள்.

"ராத்திரி 200 வெச்சேன், காலைல 190"

கசிவு இல்லாமலே இருக்கலாம். நிரப்பும்போது காற்று சூடாகும். 45 டிகிரியில் 200 பார் காட்டிய சிலிண்டர், அறை வெப்பமான 30 டிகிரிக்கு ஆறினால் 190 தான் காட்டும். மறுநாளும் 190 என்றால் விட்டுவிடுங்கள். 180, 170 என்று போனால் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து இணைப்புகளில் பிரஷ்ஷால் தடவுங்கள். குழல் வாயில் ஒரு பலூனை மாட்டி வையுங்கள், அது மெல்ல உப்பினால் கசிவு வால்வில். துப்பாக்கியில் பெல்லட் இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகு.

கைப் பம்பில் அடிக்கிறவர்கள் கவனிக்க: நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், துறைமுகத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்பும் சேர்த்து. ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும், துரு பிடிக்கும். அந்தத் துருதான் முன்பு சொன்ன ரெகுலேட்டர் இருக்கையில் போய் உட்காரும். பம்பில் தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடாதீர்கள். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் அவரோடு பேச்சை நிறுத்துங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் துளி கிரீஸைத் தொட்டாலும் தீப்பிடிக்கும், ரைஃபிள் வெடிகுண்டாகிவிடும். சிலிண்டரில் தேதி அடித்திருப்பார்கள். போட்டி ரைஃபிள் சிலிண்டர்கள் பலவற்றுக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். இரண்டாம் கை வாங்கும்போது முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள், வார்னிஷ் அப்புறம் பார்க்கலாம்.

"இடது வலதா ஓடுது"

வேகம் எவ்வளவு மாறினாலும் குண்டு பக்கவாட்டில் போகாது. அதனால் குரோனோவை எடுத்து உள்ளே வையுங்கள்.

கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பத்துக் கேஸில் ஆறு இதுதான். ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். குழலை மடித்துத் திறக்கும் ரகமென்றால், மடித்து மூடிய பிறகு குழலின் முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் போல்ட்டை முடுக்க வேண்டும். ஸ்கோப் மவுண்ட் பின்னால் நகர்ந்திருக்கிறதா என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பாருங்கள். பெரிய துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பை ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டினால் அந்த இரண்டு பக்க உதையில் உள்ளே கண்ணாடியே கழன்றுவிடும். மேலும் அவை 100 கஜத்துக்குச் சரிசெய்தவை, 10 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் குறி நகரும்.

இதெல்லாம் சரி என்றால் விசையை விரலின் ஓரத்தால் இழுக்கிறீர்கள். நுனிச் சதையால் நேர் பின்னால் இழுங்கள்.

"பத்துல ஒண்ணு மட்டும் எங்கேயோ போகுது"

இப்போது வாருங்கள், பெல்லட் பேசலாம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் "ரவை" என்பார்கள்.

டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். பெல்லட்டின் பின்பக்கம் மெல்லிய பாவாடை மாதிரி இருக்கும், காற்று அதை விரித்துக் குழல் சுவரில் அழுத்தும். ஈயம் நகத்தால் கீறினாலே பதியும். டப்பாவை பைக் டிக்கியில் போட்டுக்கொண்டு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறி வந்தால் பாவாடைகள் நசுங்காமல் என்ன செய்யும்? நசுங்கியதை டார்கெட்டுக்கு வைக்காதீர்கள். டப்பாவுக்குள் ஒரு துண்டு நுரையை வைத்து மூடினால் பெல்லட் உருளாது.

அடுத்தது கண்ணாடித் துண்டில் உருட்டுவது. லேசாகச் சாய்த்த கண்ணாடியில் ஒவ்வொன்றாக விடுங்கள். தலை ஒரு அளவு, பாவாடை ஒரு அளவு என்பதால் நேராக ஓடாது, வளைந்து ஓடும். பத்தும் ஒரே வளைவில் ஓட வேண்டும். தனி வழி போகிறது எதுவோ அதுதான் டார்கெட்டிலும் தனி வழி போகப் போகிறது.

எடை பார்க்கிறவர்கள் சௌகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள், மில்லிகிராம் காட்டுவது. சென்டிகிராம் வரை மட்டும் காட்டும் தராசு இதற்கு உதவாது, 0.53, 0.54 என்று இரண்டு எண்ணுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கும். ஒரு மலிவு டப்பாவில் 0.49 முதல் 0.56 கிராம் வரை பார்த்திருக்கிறேன். போட்டி ரக டப்பாவில் ஒவ்வொன்றும் 0.53-ஐ ஒட்டியே நிற்கும். எடை கொஞ்சம் மாறினால் வேகம் கொஞ்சம் மாறும், அந்தக் கணக்கு மேலே போட்டாயிற்று, பெரிதாக ஒன்றும் வராது. ரொம்ப விலகி நிற்கிற பெல்லட்டில் உள்ளே குழி இருக்கும், சமநிலை கெட்டுத் தள்ளாடிப் போகும். அதைப் பொறுக்கி எடுக்கவே தராசு.

தலையின் விட்டம்தான் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. 4.49, 4.50, 4.51 என்று டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம், டர்னர் வேலை பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய அளவு என்று தெரியும். தண்டையார்பேட்டைப் பெண்ணின் ரைஃபிளில் மூன்றையும் மணல் மூட்டையில் சாத்திப் பத்துப் பத்தாகச் சுட்டோம். துளைகளின் வெளி ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் 4.49-க்கு 6.5 மில்லிமீட்டர், 4.50-க்கு 6, 4.51-க்கு 8.5. வேகம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்று. வேறு ரைஃபிளில் இந்த வரிசை தலைகீழாகலாம், அதனால் என் எண்ணை நம்பி வாங்காதீர்கள். டப்பாவுக்கு 500 பெல்லட். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு அளவு வாங்கி, ஐம்பது ஐம்பதாகப் பங்கு போட்டுக்கொண்டால் செலவும் கம்மி.

வாங்காமலே ஒரு முன்னோட்டம் பார்க்கலாம். பெல்லட்டைக் கட்டை விரலால் குழலுக்குள் தள்ளுங்கள். பொத்தென்று உள்ளே விழுந்தால் சின்னது. நகம் வலிக்கிறது என்றால் பெரிது. பிறகு சுத்தம் செய்யும் கம்பியால் மெதுவாக மறுமுனைக்குத் தள்ளி வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியில் தலையைப் பாருங்கள். குழலின் வரிப்பள்ளம் தலையைச் சுற்றிலும் மெல்லிய கீறலாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கீறல், மறுபக்கம் மழமழ என்றால் தலை அந்தக் குழலில் ஆடுகிறது.

ஈர விஷயம் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் கீழ் வீட்டுக்குள் வந்தபோது அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஆறு டப்பாக்கள் நனைந்தன. துடைத்து வைத்தோம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் சாம்பல் வெள்ளையாகப் பொடி. ஈயத்தில் ஈரம் பட்டால் பூக்கும் பொடி அது, விஷம். ஊதித் தட்டிவிட்டுச் சுடக் கூடாது. ஆறு டப்பாவையும் மூட்டை கட்டி, ஈயம் உருக்கும் பழைய பேட்டரிக் கடையில் கொடுத்தோம். நல்ல பெல்லட்டைத் தொட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வடையைத் தொட வேண்டும். சிலர் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடுவார்கள். என் வராந்தாவில் அதற்கு இடமில்லை.

"டமால்னு சத்தம், புகை வருது"

ஸ்பிரிங் துப்பாக்கி. வாங்கியவர் எண்ணெய் விட்டிருப்பார், நிறையவே. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது வரும் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்கிறது. அந்த ஷாட் மட்டும் மீட்டரில் 30, 40 மீட்டர் கூடக் காட்டும். "பார்த்தீங்களா ஸ்பீடு" என்று அதற்காகவே எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். புதுத் துப்பாக்கியில் கம்பெனி கிரீஸால் முதல் டப்பாவுக்கு லேசாகப் புகை வருவது வழக்கம், தானாக நின்றுவிடும். அதற்கு மேலும் வந்தால் பிரித்துத் துடைத்து, உரசும் இடங்களில் மட்டும் மாலிப்டினம் கிரீஸ் தொட்டு வைக்க வேண்டும்.

சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் இறங்கியிருந்தால், குழல் மூடும் இடத்தில் ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்துச் சுடுங்கள். துண்டு பறந்தால் அங்கிருக்கும் ரப்பர் போய்விட்டது. மலிவான வேலை.

"டப்பாவில் போட்ட ஸ்பீடு வரலை"

வராது. வியாசர்பாடித் தம்பி ஒருவன், கல்லூரி முதல் வருஷம், அட்டைப் பெட்டியையே கையோடு கொண்டுவந்தான். பெட்டியில் நொடிக்கு 1200 அடி. மீட்டரில் 860. ஏமாந்துவிட்டோம் என்று கண் சிவந்திருந்தது.

உட்கார வைத்துக் கணக்குக் காட்டினேன். 20 ஜூல் எல்லைக்குள் அரை கிராம் ஈய பெல்லட் அதிகபட்சம் நொடிக்கு 283 மீட்டர்தான் போக முடியும், அதாவது 928 அடி. அதையே 0.3 கிராம் எடையுள்ள லேசான உலோகக் கலவை பெல்லட்டை வைத்தால், அதே 20 ஜூலில் 365 மீட்டர். 1200 அடி. பெட்டியில் எழுதியது அந்த லேசு பெல்லட்டின் எண். அவன் 860 வாங்கியது ஈயத்தில், ஏறத்தாழ 17 ஜூல். துப்பாக்கியில் குறையே இல்லை.

365 மீட்டர் என்பது ஒலியின் வேகத்தையும் தாண்டியது, நம் ஊர் வெக்கையில் ஒலி சுமார் 349 மீட்டர். தட்டைத் தலையும் பாவாடையுமாக இருக்கும் பெல்லட் ஒலியின் வேகத்தை ஒட்டிப் போகும்போது காற்று அதைப் பிடித்து உலுக்கிவிடும். அவன் பையில் அந்த லேசு பெல்லட்டும் ஒரு டப்பா இருந்தது. சுடு என்றேன். சவுக்கு சொடுக்கின மாதிரி சத்தம், கீழ் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். பத்துக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. ஈயத்தை வைத்து, கட்டையின் முன் ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கி, கையைத் தளர்த்திச் சுடச் சொன்னேன். பத்தும் ஒரு பத்து ரூபாய்க் காசுக்குள் விழுந்தன.

தாளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணே, அந்த ஸ்க்ரூ எத்தனை ஷாட்டுக்கு ஒருக்கா முடுக்கணும்?"

நூறு ஷாட்டுக்கு ஒரு தடவை தொட்டுப் பார் என்று சொல்லி, என் பழைய ஆலன் கீ ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.